நாளைக்கு சப்மிட் பண்ணணும் அங்கிள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளின் அசைன்மெண்டை நான் செய்து தர மாட்டேன். ஆனால் உதவி செய்வேன். "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்று கேட்கிற பெற்றோர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

டொராண்டோ பக்கம் இருக்கிற நம் தமிழ்க் குடும்பங்களில் "கம்ப்யூட்டர் தெரிந்த அங்கிள்" என்று ஒரு பதவி உண்டு. சம்பளம் கிடையாது, ஓய்வு கிடையாது. நான் படித்தது வெறும் பி.காம். ராமகுப்பத்தில் பள்ளிக்கூடம், அப்புறம் கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரி, பிறகு வங்கி வேலை. இந்தியாவில் சில வருடம், இங்கே பல வருடம். வேலையிடத்தில் சாஸ் மென்பொருள், வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஆர். அதனால் புள்ளியியல் வகுப்பு எடுத்த பிள்ளைகள் எல்லோருக்கும் நான் அங்கிள். இலங்கைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாமா.

வருகிற கேள்விகளைக் கவனித்தால் ஒன்று தெரிகிறது. சராசரி, திட்ட விலக்கம், ரிக்ரெஷன் இதிலெல்லாம் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். மாட்டுவது தேதியில்தான். "அங்கிள், கிராஃப் கோணல் மாணலா வருது", "மாமா, பாதி டேட்டாவைக் காணேல்லை". போய்ப் பார்த்தால் பத்துக்கு எட்டுத் தடவை தேதிக் கோளாறு.

இதில் ஆச்சரியம் இல்லை. தேதி என்பது எண் மாதிரி வேஷம் போட்ட வார்த்தை. 01/06/2004 என்று ஒரு கோப்பில் இருக்கிறது. ராமகுப்பத்தில் அது ஜூன் 1. எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவில் அது ஜனவரி 6. நடுவில் கனடாவில் இருக்கிற நமக்கு? இரண்டும் நடக்கும், மூன்றாவதாக வருடத்தை முதலில் போடுகிற வழக்கமும் உண்டு. இங்கே செக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தேதிக் கட்டங்களுக்குக் கீழே எது நாள், எது மாதம், எது வருடம் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மூன்று வரிசையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் எது என்று கீழே சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால், பணம் போகும் காகிதத்தில் வங்கிக்காரர்கள் எடுத்துக்கொள்கிற இந்த ஜாக்கிரதையை எல்லா டேட்டா கோப்புகளிலும் கட்டாயம் ஆக்கவேண்டும்.

சரி, ஆரிடம் இந்த 01/06/2004ஐக் கொடுத்து, வடிவம் எதுவும் சொல்லாமல் "இது தேதி, மாற்று" என்றால் என்ன சொல்லும் தெரியுமா? ஜூன் 1 என்றும் சொல்லாது, ஜனவரி 6 என்றும் சொல்லாது. கி.பி. 1ஆம் ஆண்டு ஜூன் 20 என்று சொல்லும்! அது வருடத்தை முதலில் எதிர்பார்க்கிறது. அதனால் 01 வருடம், 06 மாதம், அடுத்த இரண்டு எழுத்தான 20 நாள். மிச்சமிருக்கிற 04ஐ விழுங்கிவிடுகிறது. பிழை என்று ஒரு வார்த்தை கிடையாது. இதைக் கவனிக்காமல் வயதைக் கணக்குப் போட்டால் எல்லோருக்கும் இரண்டாயிரம் வயது. அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாமல் போகிற தப்புதான் ஆபத்து.

இந்திய முறையில் எழுதிய ஒரு வருடத் தேதிகளை அமெரிக்க முறையில் படித்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 365 நாளில், நாள் எண் 12ஐத் தாண்டாத தேதிகள் மாதத்துக்கு 12, மொத்தம் 144. இவை மட்டும்தான் அமெரிக்க முறையில் "படிக்க முடிகிற" தேதிகள். மீதி 221 தேதி காணாமல் போகும், ஏனென்றால் 13ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது. அந்த 144இலும் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கிற 12 தேதிதான் சரி. ஆக 132 தேதி அழகாக, சத்தமில்லாமல், தப்பு. ஆளைக் காணோம் என்றால் தேடலாம். வேறு ஆள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்?

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2020இல் கோவிட் வந்த பிறகு புள்ளியியல் வகுப்புகளுக்கு அந்த டேட்டாதான் அல்வா மாதிரி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் உலகம் முழுக்கத் திரட்டிய கோப்பில் தேதிகள் அமெரிக்க முறையில், வருடத்துக்கு இரண்டே இலக்கம் போட்டு, 1/22/20 என்று தொடங்கும். இந்தியாவில் தன்னார்வலர்கள் நடத்திய கோவிட்19இந்தியா தளத்தின் நோயாளிவாரிப் பட்டியலில் முதல் வரி 30/01/2020, கேரளத்தில் திருச்சூரில் கண்டறியப்பட்ட முதல் நோயாளி. இந்தியக் குழு 2021 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2023 மார்ச்சோடு. ஆனால் கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, வாத்தியார்களும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கச் சொல்லும் அசைன்மெண்ட் இன்றைக்கும் உண்டு.

தெரிந்த குடும்பம் மூலம் அறிமுகமான ஒரு பையனின் கதையை இங்கே சொல்லவேண்டும். ஊர் வாணியம்பாடிப் பக்கம், பேர் வேண்டாம், கல்லூரிப் பேரும் வேண்டாம். அப்பா வீட்டை அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்கி அனுப்பியிருந்தார். (ஏழரை லட்சத்துக்கு மேலே போனால் இந்திய வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும், வெளிநாட்டுப் படிப்புக்கு ஏழரை லட்சம் எந்த மூலைக்கு?) பையன் ராத்திரி கடையில் வேலை, பகலில் வகுப்பு. இந்த மாதிரி இந்திய டேட்டாவில் ஒரு அசைன்மெண்ட். நேரம் இல்லை. இணையத்தில் "அசைன்மெண்ட் ஹெல்ப்" என்று விளம்பரம் போடுகிற ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிவிட்டான்.

வந்த நிரல் பார்க்க ரொம்ப நேர்த்தி. ஒரே ஒரு குறை, எழுதியவர் கோப்பைத் திறந்தே பார்க்கவில்லை. அமெரிக்க முறையில் தேதியைப் படித்து, படிக்க முடியாத வரிகளையெல்லாம் ஒரே கட்டளையில் தூக்கி எறிந்திருந்தார். பத்தில் ஆறு நாள் போய்விட்டது. வரைபடத்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி இந்தியாவில் நூற்றுக்கணக்கில் நோயாளிகள்! அது உண்மையில் ஏப்ரல் 1. முதல் நோயாளியின் தேதியான ஜனவரி 30 இருக்கிறதா என்றால், 30ஆவது மாதம் இல்லாததால் அந்த வரியே இல்லை. பேராசிரியர் அவனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "இந்த வரியை ஏன் எழுதினாய்?" பையன் முழித்திருக்கிறான். பூஜ்யம், விசாரணை, அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டிய நிலை. வெளிநாட்டு மாணவருக்கு ஒரு பாடத்தின் கட்டணம் என்ன என்று உங்களுக்கே தெரியும். ஊரில் தவணை நிற்குமா? அது பாட்டுக்கு ஏறும்.

அதோடும் முடியவில்லை. காசு வாங்கியவர் இன்னும் காசு கேட்டு, கொடுக்காவிட்டால் கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிடுவேன் என்று மிரட்டல். இந்த மிரட்டல் தொழிலும் இதில் ஒரு பகுதி. வாங்குகிறவன் போலீசுக்குப் போகமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இப்படி அசைன்மெண்ட் செய்து விற்பதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டுவிட்டன. சட்டம் எங்கே இருந்தால் என்ன, விற்கிறவன் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறான். மாட்டுவது நம் வீட்டுப் பிள்ளை.

இந்தக் கதையைச் சொன்னால் சில அப்பாக்கள் அந்தப் பக்கம் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். "நாங்கள்லாம் யாரைக் கேட்டோம்? தானா முட்டி மோதிப் படிக்கட்டும்." இதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் யாரையும் கேட்காமல் படித்தீர்களா? ஊரில் பக்கத்து வீட்டு அண்ணன், மேல்வகுப்பு அக்கா, டியூஷன் வாத்தியார், இத்தனை பேர் இருந்தார்கள். இங்கே பிள்ளை தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு திரையை முறைத்துக்கொண்டிருக்கிறது. கேட்க ஆள் இல்லாதபோதுதான் காசு வாங்குகிறவன் கண்ணில் படுகிறான்.

ஏன் தேதிக் கணக்கை மட்டும் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று கேட்கலாம். ஏனென்றால் இதைப் பிறத்தியார் செய்து தரவே முடியாது. 01/06 என்றால் என்ன என்பது அந்தக் கோப்பில் எழுதியிருக்காது. அதை எழுதியவர் எந்த ஊர்க்காரர், எந்தப் பழக்கம் உள்ளவர் என்று தெரிந்தால்தான் தெரியும். அந்த விவரம் அசைன்மெண்ட் தாளில் இருக்கும், இல்லையென்றால் வாத்தியாரிடம் இருக்கும். இப்போது எல்லோரும் சாட்ஜிபிடியிடம் கேட்கிறார்கள். கேட்கட்டும், கல்லூரி அனுமதித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கோப்பைக் காட்டாமல் "தேதியை மாற்றிக் கொடு" என்றால் அதுவும் ஏதோ ஒரு வரிசையை ஊகித்து எழுதிக் கொடுக்கும், அதுவும் ரொம்ப நம்பிக்கையோடு. அந்த வாணியம்பாடிப் பையனுக்கு எழுதிக் கொடுத்த ஆசாமி செய்ததும் இதேதான்.

இன்னொரு விஷயம். கம்ப்யூட்டர் உள்ளே தேதியை எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, ஏதோ ஒரு நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று. எந்த நாளிலிருந்து என்பதில்தான் வேடிக்கை. ஆருக்கு 1970 ஜனவரி 1 பூஜ்யம். சாஸுக்கு 1960 ஜனவரி 1. எக்ஸெல்லுக்கு 1900 ஜனவரி 1 என்பது முதல் நாள். எஸ்.பி.எஸ்.எஸ். இன்னும் பழைய ஆள், 1582 அக்டோபர் 14இலிருந்து வினாடி வினாடியாக எண்ணுகிறது, கிரிகோரியன் காலண்டர் வந்த சமயம். ஆக 2000 ஜனவரி 1 என்ற ஒரே நாள் ஆரில் 10957, சாஸில் 14610, எக்ஸெல்லில் 36526. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை அப்படியே கொண்டுபோனால் பத்து வருடமும் எழுபது வருடமும் தள்ளிப்போவது இதனால்தான். வங்கியில் ரூபாய்க் கணக்கையும் டாலர்க் கணக்கையும் மாற்றாமல் கூட்டுகிற மாதிரி.

எக்ஸெல் எண்ணை ஆருக்குக் கொண்டுவர 1899 டிசம்பர் 30 என்று ஒரு தொடக்க நாள் கொடுக்கவேண்டும். பிள்ளைகள் கேட்பார்கள், "அது என்ன அங்கிள் முப்பது? முப்பத்தொண்ணுதானே வரணும்?" நல்ல கேள்வி! 1900 லீப் வருடம் இல்லை. நூறால் வகுபடுகிற வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப். ஆனால் 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத நாளை ஒன்று எண்ணியது. பிறகு வந்த எக்ஸெல், லோட்டஸ் கோப்புகள் ஒத்துப்போகவேண்டும் என்பதற்காக அந்தத் தப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் இருக்கிறது. இல்லாத ஒரு நாளை உலகம் முழுக்க நாற்பது வருடமாகக் கணக்கில் வைத்திருக்கிறோம். இப்படி ஒரு நாளைச் சம்பளக் கணக்கில் காட்டினால் எங்கள் ஆடிட்டர் விடுவாரா? :-)

எக்ஸெல்லின் கைங்கர்யத்தில் பெரிய கதை மரபணு விஞ்ஞானிகளுடையது. மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர் இருந்தது. கட்டத்தில் தட்டினால் எக்ஸெல் அதை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக மாற்றிவிடும். எக்ஸெல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருக்கிறது என்று 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கே இந்தக் கதி என்றால் இரண்டாம் வருடம் படிக்கிற நம் பிள்ளையை ஏன் திட்டவேண்டும்?

எனக்கு இந்தத் தேதிக் குழப்பம் புதிது இல்லை. ராமகுப்பம் இருப்பது ஆந்திராவின் மூலையில், குப்பம் பக்கம். ஒரு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கர்நாடகம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். எங்களுக்கு வருடப் பிறப்பே இரண்டு. முதலில் உகாதி, அது சந்திரனைப் பார்த்து வரும், வருடா வருடம் தேதி நகரும். அப்புறம் சித்திரை 1, சூரியனைப் பார்த்து, ஏப்ரல் 14ஐ ஒட்டி வரும். வருடத்தின் பேர் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. 2025இல் பிறந்தது விசுவாவசு. உகாதிக்கும் சித்திரைக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்தால் தெலுங்குக்காரர் வீட்டில் அது புது வருடத்துப் பிள்ளை, தமிழர் வீட்டில் பழைய வருடத்துப் பிள்ளை. ஒரே தெரு, ஒரே நாள்! இந்தச் சிக்கலைச் சின்ன வயதிலேயே பார்த்தவனுக்கு ஜனவரி 6ஆ ஜூன் 1ஆ என்பது பெரிய விஷயம் இல்லை.

அந்தப் பேரும் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1927ஆ 1987ஆ? இது அச்சு அசலாக இரண்டு இலக்க வருடப் பிரச்சினை. கோப்பில் பிறந்த வருடம் 45 என்று இருந்தால் எக்ஸெல் 1945 என்று எடுத்துக்கொள்ளும், ஆர் 2045 என்று எடுத்துக்கொள்ளும். ஆரில் 68 வரைக்கும் இந்த நூற்றாண்டு, 69இலிருந்து போன நூற்றாண்டு. எக்ஸெல்லில் 29 வரைக்கும் இந்த நூற்றாண்டு. ஓய்வூதியக் கோப்பில் இன்னும் பிறக்காத பெரியவர்கள் இருப்பது இப்படித்தான்.

பிறந்த தேதி என்றதும் இன்னொன்று. ஊரில் என் தலைமுறைக்கும் அதற்கு முன்னாலும் பாதிப் பேருக்கு சர்டிபிகேட்டில் பிறந்தது ஜூனும் ஜூலையும்தான். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், வாத்தியார் பார்த்து ஒரு தேதி போடுவார். இங்கே கனடாவில் அகதியாக வந்தவர்கள் பலருடைய காகிதத்தில் ஜனவரி 1. ஒரு அசைன்மெண்டில் பிறந்த தேதி வரைபடம் போட்டு ஜனவரி 1இல் கோபுரம் மாதிரி ஒன்று எழும்பினால், புள்ளியியல் தெரியாத நம் வீட்டுப் பாட்டி ஒரு நிமிடத்தில் காரணம் சொல்லிவிடுவார். பேராசிரியருக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம். இதெல்லாம் வெறும் கணக்குக்காக இல்லை. 65 வயதில் கிடைக்கிற முதியோர் ஓய்வூதியம் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் வருகிறது.

மாதம் என்பதும் அப்படி நம்பத் தகுந்த ஆசாமி இல்லை. "இரண்டு தேதிக்கு நடுவில் எத்தனை மாதம்" என்று அசைன்மெண்டில் கேட்டிருந்தால் முதலில் மாதம் என்றால் என்ன என்று கேளுங்கள். ஜனவரி 1இலிருந்து ஏப்ரல் 1 வரை மூன்று மாதம், சாதாரண வருடத்தில் 90 நாள், லீப் வருடத்தில் 91. ஜூலை 1இலிருந்து அக்டோபர் 1 வரையும் மூன்று மாதம்தான், ஆனால் 92 நாள். இந்தியாவில் 2004 மார்ச்சிலிருந்து கடன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவை என்றால் அது வாராக்கடன். காசோலை 2012 ஏப்ரலிலிருந்து மூன்று மாதம் செல்லும். ஒன்று நாள், ஒன்று மாதம். கவுண்டரில் இந்த வித்தியாசம் தெரியாமல் உட்கார முடியாது. சக ஆண்டுத் தேதி போட்ட காசோலையைக்கூட வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 1957 மார்ச் 22ஐ சக 1879 சைத்ர 1 என்று வைத்து அரசு ஏற்றுக்கொண்ட தேசிய நாள்காட்டி அது. அப்படி ஒன்று வந்தால் முதலில் அதை ஆங்கிலத் தேதியாக மாற்றிப் பிறகு மூன்று மாதம் எண்ணவேண்டும்.

ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் என்ன? ஆரில் தேதிக்கென்றே லூப்ரிடேட் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, நல்ல தொகுப்பு. அதில் சாதாரணமாகக் கூட்டினால் பதில் இல்லை என்று வரும், ஏனென்றால் பிப்ரவரி 31 கிடையாது. மாதக் கடைசிக்குக் கொண்டுவா என்று தனியாக ஒரு குறி போட்டுச் சொன்னால் பிப்ரவரி 28 தரும். எது சரி? தவணை கட்டுகிறவருக்கு இரண்டாவது. வேறு கணக்கில் முதலாவது சரியாக இருக்கலாம். மென்பொருள் இதை முடிவு செய்யாது, நீங்கள்தான் செய்யவேண்டும். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணின் அம்மா, சமையல் அறையிலிருந்தே, "தமிழ் மாசத்துல 32 நாள்கூட வருமே தம்பி" என்றார். உண்மை! 29இலிருந்து 32 வரை வரும். அந்தப் பெண் அன்றைக்குத்தான் மாதம் ஒரு நிலையான அளவு இல்லை என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். நான் அரைமணி நேரம் விளக்கியும் ஏறவில்லை.

இலங்கைக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. தேதியோடு மணியும் சேர்ந்தால் நேர மண்டலம் வரும். இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, அதே அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தது, 2006 ஏப்ரலில் மறுபடி பழைய இந்திய நேரத்துக்கே வந்தது. கம்ப்யூட்டருக்குக் கொழும்பு என்று சொன்னால் இந்த மூன்று மாற்றமும் அதற்குத் தெரியும். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரமே ஓடியது. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தவர்களுக்குத் தெரியும், கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் மாற்றவேண்டும். அந்தக் காலத்துக் கிளிநொச்சி மருத்துவக் குறிப்பு ஒன்றை எந்தப் பேரப்பிள்ளையாவது கம்ப்யூட்டரில் ஏற்றினால், கொழும்பு என்று போட்டால் அரை மணி தப்பு. எந்த நிரல்காரரும் இதைச் சொல்லித் தரமாட்டார். வீட்டில் இருக்கிற அப்பாவும் அம்மாவும்தான் சொல்லவேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், ஆர் தெரியாது என்று பெற்றோர் ஒதுங்கவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து "இந்தக் கோப்பு எந்த ஊரிலிருந்து வந்தது? யார் எழுதினது? முதல் தேதி, கடைசித் தேதி என்ன வருது? எத்தனை வரி உள்ளே போச்சு, எத்தனை வெளியே வந்துச்சு?" என்று கேட்டாலே போதும். கடைசிக் கேள்வி வங்கியில் தினமும் சாயந்திரம் கேட்பது. அந்த வாணியம்பாடிப் பையனிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் பத்தில் ஆறு காணோம் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

இனி என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு. கோப்பு முழுவதையும் அனுப்பாதீர்கள், திரையைப் படம் பிடித்தும் அனுப்பாதீர்கள், அதில் எனக்குப் பத்து இலக்கம் தெரிகிறது, பதினோராவது தெரிவதில்லை. பிரச்சினை இருக்கிற ஐந்தாறு வரி போதும். ஆரில் டீபுட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் டேட்டா உள்ளே எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்தாக வரும், தேதியா, வெறும் வார்த்தையா, எண்ணா என்று அதிலேயே தெரிந்துவிடும். நீங்கள் எழுதிய வரிகளை, தப்பாக இருந்தாலும், அப்படியே அனுப்புங்கள். என்ன விடை வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இரண்டையும் எழுதுங்கள். ஒரு தேதியையாவது காலண்டரை வைத்துக் கையால் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வெளி ஆளிடம் எந்த அளவுக்குக் கேட்கலாம் என்று உங்கள் கல்லூரி விதியையும் ஒருதரம் படித்துவிடுங்கள். என்னிடம் கேட்டதை அசைன்மெண்டில் ஒரு வரி குறிப்பிடவேண்டும் என்றால் குறிப்பிடுங்கள், எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை.

போன மாதம் மார்க்கத்திலிருந்து ஒரு பெண் இப்படி எழுதத் தொடங்கி, பாதியில் "வேண்டாம் அங்கிள், எழுதும்போதே கண்டுபிடிச்சிட்டேன், நாளும் மாசமும் மாறியிருக்கு" என்று முடித்திருந்தாள். நான் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. அவள் அம்மா மட்டும் நான்தான் பாஸ் பண்ண வைத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதவி பறிபோய்விடும் என்பதால் நானும் மறுக்கவில்லை.